மலையடிவாரத்தில் நின்றுவிட்ட வாடகைச் சட்டம்

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் பேருந்து காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டித்தான் காரவள்ளிக்கு வருகிறது. காளப்பநாயக்கன்பட்டி ஒரு பேரூராட்சி. காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தால் கிடைப்பது 14 நாடுகள், அதாவது 14 கிராம ஊராட்சிகள். கீழே பேரூராட்சியில் வாடகை வீட்டுக் கூரையில் எலி குடும்பம் வைத்தால், குடியிருப்பவர் எடுத்துக் காட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மேலே செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ அதே வேலையை எலி செய்தால் அந்தச் சட்டம் கிடையாது. அது நகர்ப்புறங்களுக்கு மட்டும் எழுதப்பட்டது.

வீட்டுக்காரர் கவனிக்காமல் விட்ட எலி, வௌவால், மூட்டைப்பூச்சி, பொந்தில் தங்கிய பாம்பு ஆகியவற்றுக்கு எதிராக, மலையில் வாடகைக்கு இருப்பவருக்கு உண்மையில் என்ன உரிமை இருக்கிறது? ஏட்டில் இருக்கும் உரிமையைச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியை, ஒரு செவிலியர், சந்தைப் பக்கம் கடை போட்டிருக்கும் ஒருவர், இவர்கள் பயன்படுத்திப் பார்க்கக்கூடிய உரிமையைச் சொல்கிறேன். மலையில் வாடகைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். வேலை மாற்றலில் வந்தவர்கள், இரண்டு மூன்று வருடத்தில் இறங்கிப் போகிறவர்கள். ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சு.

முதலில் மலைக்கு வராத சட்டத்தையே எடைபோட்டுவிடலாம். அது வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற நினைப்பு எளிதில் வரும். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த இந்தப் புதிய சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்பதையும் பிரித்துப் போட்டிருக்கிறது. கட்டுமானப் பழுது, சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு சன்னலுக்கு வண்ணம், குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், பூட்டு, கண்ணாடி போன்றவை குடியிருப்பவருக்கு. வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. வீடு குடியிருக்கவே லாயக்கில்லாத நிலைக்குப் போய், எழுதிக் கேட்டும் அவர் அசையாவிட்டால், 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம்.

இந்தப் பட்டியல் முழுவதையும் தேடினால் எலி இல்லை, கரையான் இல்லை, மூட்டைப்பூச்சி இல்லை. உயிரினங்களின் சாயல் படிந்த ஒரே சொல் கொசுவலை. அது கிழிந்தால் மாற்றுவது குடியிருப்பவரின் வேலை! சட்டம் எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. மத்திய அரசு சுற்றுக்கு விட்ட மாதிரி வரைவின் பட்டியல் அப்படியே இங்கே இறங்கியிருக்கிறது. அந்த வரைவை எழுதியவர்களின் மனதில் இருந்த வீடு கான்கிரீட் போட்ட அடுக்குமாடி. ஓட்டுக் கூரையும் பரணும் உள்ள வீட்டைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே கீழே இருப்பவர் பெரிய பாக்கியசாலி அல்ல. எலி வரும் ஓட்டை சுவரிலோ கூரையிலோ இருக்கிறது, ஆகவே அது கட்டுமானப் பழுது என்று அவர் வாதாட வேண்டும். வாதம் நிற்கக்கூடியதுதான். ஆனாலும் அது ஊகித்துச் சொல்லும் வாதம். சட்டம் நேரடியாகத் தந்த உரிமை அல்ல. இரண்டாவது ஒரு குறையும் உண்டு. கழிக்கும் உரிமை பழுதுபார்த்த செலவுக்குத்தான். எலி கடித்த துணிக்கோ, நாசமான அரிசிக்கோ, தூங்காத இரவுகளுக்கோ அங்கே கணக்கு இல்லை.

இனி மலைக்கு ஏறலாம். 2017 சட்டம் இல்லாத இடத்தில் நிற்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108ஆவது பிரிவுதான் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான கடமைகளைச் சொல்கிறது. பலர் இந்தப் பிரிவைக் குடியிருப்பவருக்கான கேடயம் என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு உட்பிரிவாக எடுத்துப் பார்த்தால் அந்தக் கேடயத்தில் எத்தனை ஓட்டை என்று தெரியும்.

பலரும் முதலில் கைநீட்டுவது (எஃப்) உட்பிரிவை நோக்கி. வீட்டுக்காரர் தான் செய்யக் கடமைப்பட்ட பழுதுகளை, அறிவிப்புக் கொடுத்தபின் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துகொண்டு செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்கிறது அது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பழுதைச் செய்ய அவர் கடமைப்பட்டவர் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. வாய்ப்பேச்சில் வாடகை பேசி, சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு குடியேறியவருக்கு இந்த உட்பிரிவு தருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதற்கு நேர் எதிரே (எம்) உட்பிரிவு இருக்கிறது. இயல்பான தேய்மானம் போக, வீட்டைப் பெற்றபோது இருந்த நல்ல நிலையிலேயே வைத்திருப்பது குடியிருப்பவரின் கடமை என்று அது தெளிவாகவே சொல்கிறது. நீங்கள் வந்தபின்தானே எலி வந்தது என்று வீட்டுக்காரர் சொன்னால், பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

(சி) உட்பிரிவு இடையூறு இல்லாத அனுபோகத்தை வாக்களிக்கிறது. எலியின் இடையூறு அதில் சேராது. வீட்டுக்காரரோ, அவர் வழியாக உரிமை கொண்டாடுபவரோ வந்து தொந்தரவு செய்வதைப் பற்றியது அது. (இ) உட்பிரிவு தீ, புயல், வெள்ளம், கலகக் கூட்டம், அடக்க முடியாத வேறு சக்தி ஆகியவற்றால் வீடு நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறது. எலித் தொல்லையைத் தீர்த்துவிட முடியும். ஆகவே அது நிரந்தரம் இல்லை. அந்தக் கதவும் மூடிவிடுகிறது.

எஞ்சியிருப்பது (ஏ) உட்பிரிவு. என் கணிப்பில் மலையில் குடியிருப்பவருக்கு இருக்கும் வலுவான ஆயுதம் இதுதான். யாரும் இதை எடுப்பதில்லை என்பது வேறு விஷயம். வாடகைக்கு விடும் நோக்கத்தைப் பாதிக்கும் முக்கியமான குறை வீட்டில் இருந்து, அது வீட்டுக்காரருக்குத் தெரிந்து, வருபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், வீட்டுக்காரர் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பகலில் வீடு பார்க்க வருகிறவர் கண்ணுக்கு மூட்டைப்பூச்சி தெரியாது. சீலிங்குக்கு மேலே தொங்கும் வௌவால் கூட்டம் அந்தியில்தான் கிளம்பும். முந்தைய குடித்தனம் இதனால்தான் காலி செய்தது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும், புதிதாக வருபவருக்குத் தெரியாது. இங்கே குற்றச்சாட்டு, பழுது பார்க்காததைப் பற்றியது அல்ல, மறைத்ததைப் பற்றியது. அக்கம்பக்கத்தாரும், முன்பு இருந்தவரும் இதற்குச் சாட்சி சொல்ல முடியும். ஆனால் குடியேறியபின் தொடங்கிய தொல்லைக்கு இது உதவாது. அந்த எல்லையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

108ஆவது பிரிவு முழுவதும் இன்னொரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ வேறு விதமாக இல்லாவிட்டால்தான் இந்தக் கடமைகள் செல்லும். கூரை வேய்வது, ஓடு மாற்றுவது, சுவர் பூசுவது எல்லாம் வீட்டுக்காரர் வேலை என்பது ஓர் ஊரின் நிலைத்த வழக்கம் என்று காட்ட முடிந்தால், (எஃப்) உட்பிரிவுக்கு உயிர் வரும். அதே வாசலில் எதிர்வாதமும் நுழையலாம். காட்டோரத்தில் எலியும் பூச்சியும் இருக்கத்தான் செய்யும், அதைச் சகித்துக்கொள்வதே இங்கே வழக்கம் என்று சொல்லிவிடலாம். சகிப்பது பழக்கம். கடமையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவர் தலையில் வைக்கும் அளவுக்கு அது சட்ட வழக்கமாகிவிடாது. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல மலையிறங்கி வந்து வழக்கறிஞர் வைக்க வேண்டும். ஓட்டை அடைக்கச் சிமெண்டுக்கும் கொத்தனார் கூலிக்கும் ஆகும் செலவைவிட அது பல மடங்கு.

இந்தச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. ஆகவே அங்கே இதே கேள்வி எப்படித் தீர்க்கப்பட்டது என்பதைப் பார்ப்பது பொருத்தம். பிரைட்டன் நகரில் மேசை நாற்காலியோடு வாடகைக்கு விட்ட ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சி மண்டியிருந்தது. எடுத்தவர்கள் சில நாளிலேயே வெளியேறினார்கள். வீட்டுக்காரர் பாக்கி வாடகை கேட்டு வழக்குப் போட்டார். 1843இல் தீர்ப்பான ஸ்மித் எதிர் மாரபிள் என்ற அந்த வழக்கில் குடியிருந்தவர் பக்கம் தீர்ப்பு வந்தது. வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை என்றது நீதிமன்றம். அதே ஆண்டிலேயே ஹார்ட் எதிர் வின்ட்சர் வழக்கில், தளவாடம் இல்லாத வெறும் வீட்டுக்கு அந்த நிபந்தனை பொருந்தாது என்று கதவைச் சாத்தினார்கள். கட்டிலோடு வாடகைக்கு எடுத்தவருக்குப் பூச்சியிலிருந்து விடுதலை, பாயோடு வந்தவருக்கு இல்லை என்பது எந்த நியாயம்? வெறும் வீட்டை எடுப்பவர்தான் பெரும்பாலும் ஏழை. நம் நாட்டில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் வெறும் வீடுதான். ஆகவே அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த நமக்குக் கைக்கு வந்தது இரண்டாவது தீர்ப்பின் பங்கு.

1920இல் ஸ்டான்டன் எதிர் சவுத்விக் என்று இன்னொன்று. சாக்கடை வழியாக வெளியிலிருந்து எலிகள் படையெடுத்தால், அதனால் மட்டும் வீடு குடியிருக்கத் தகாதது ஆகிவிடாது என்றார்கள். வீட்டிலேயே ஊறிய பூச்சி வேறு, வெளியிலிருந்து வரும் எலி வேறு என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கம். கொல்லிமலையில் நின்று இந்தத் தர்க்கத்தைச் சோதித்தால் நொறுங்கிவிடும். மலையில் எல்லா எலியும் வெளியிலிருந்துதான் வருகிறது. சாமைக் கொல்லையிலிருந்தும் மரவள்ளிக் காட்டிலிருந்தும் பலாத் தோப்பிலிருந்தும் வருகிறது. உள்ளே பிறந்ததா, வெளியே பிறந்ததா என்று கேட்பதில் பயனில்லை. எந்த வழியாக வந்தது, எதைத் தின்னத் தங்கியது என்ற இரண்டு கேள்விகள்தான் பொறுப்பைப் பிரித்துக் காட்டும்.

இந்த இரண்டு கேள்விகளையும் அளவுகோலாக வைத்துப் பார்த்தால் பல சிக்கல்கள் எளிதாகின்றன. ஓடு விலகிய கூரை, சுவரும் கூரையும் சேரும் இடத்து இடைவெளி, கதவுக்கு அடியில் தேய்ந்த நிலை, மூடி இல்லாத கழிவுநீர்த் தொட்டி, இவை வீட்டுக்காரரின் கணக்கு. கொட்டி வைத்த மிச்சச் சோறு, மூடாத அரிசி, வாரக்கணக்கில் அள்ளாத குப்பை, இவை குடியிருப்பவர் கணக்கு. வீட்டின் ஓர் அறையைப் பூட்டி அதில் மிளகு மூட்டையோ மரவள்ளியோ வைத்துக்கொண்டு மற்ற அறைகளை மட்டும் வாடகைக்கு விட்டிருந்தால், வழியும் தீனியும் இரண்டுமே வீட்டுக்காரருடையவை. அங்கே குடியிருப்பவரைப் பொறி வாங்கி வைக்கச் சொல்வது நியாயமில்லை.

நியூயார்க் நகரம் 2018இல் இயற்றிய 55ஆம் எண் உள்ளாட்சிச் சட்டம் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. மூன்றும் அதற்கு மேலும் குடித்தனங்கள் உள்ள கட்டடங்களின் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் எலி, கரப்பான், பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறுமனே மருந்து தெளித்துவிட்டுப் போனால் போதாது. ஓட்டை உடைசல்களை அடைக்க வேண்டும், நீர்க்கசிவை நிறுத்த வேண்டும். ஆஸ்துமா உள்ள குழந்தைகளை எண்ணி எழுந்த சட்டம் அது. இங்கிலாந்தும் 1843இன் அநியாயத்தை ஒருவழியாகத் திருத்திக்கொண்டது. வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டம் 2019 மார்ச் 20 அன்று அங்கே நடைமுறைக்கு வந்தது. நம்முடைய புதிய வாடகைச் சட்டம் வந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. அங்கே பூச்சித் தொல்லை கணக்கில் எடுக்க வேண்டிய ஆபத்துகளில் ஒன்று. இங்கே கொசுவலையோடு சரி.

இங்கே வீட்டுக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டும். நகரத்து வாடகை வழக்குகளில் வீட்டுக்காரர் வலியவர், குடியிருப்பவர் எளியவர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மலையில் அது பல நேரம் தலைகீழ். வீட்டுக்காரர் சிறு விவசாயி. மிளகும் காபியும் வாழையும் ஏதோ கொடுக்கின்றன. வந்திருப்பவர் வீட்டு வாடகைப்படியோடு சம்பளம் வாங்கும் அரசு ஊழியர். அவர் கொடுக்கும் வாடகையில் கூரையை மாற்றிக் கட்ட முடியாது. கேட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்பார். அதில் திமிர் இருக்க வேண்டியதில்லை, இயலாமையாகவும் இருக்கலாம். இந்த வாதத்துக்கு நான் பாதி மதிப்புத்தான் தருவேன். கூரை முழுவதையும் மாற்றச் சொல்ல முடியாது என்பது சரி. ஓட்டை அடைப்பதற்கும் கம்பிவலை அடிப்பதற்கும் கூரை மாற்றும் செலவு ஆகாது. வாடகை வாங்குகிறவர் வாங்கும் வாடகைக்கு உட்பட்ட வேலையைச் செய்ய மறுப்பதற்கு வறுமை காரணமாகாது. 2017 சட்டம் சொல்லும் பாதி வாடகை என்ற உச்சவரம்பு இங்கேதான் உண்மையிலேயே பொருத்தமாகிறது. வீட்டுக்காரரையும் அது முறித்துவிடாது.

எல்லா விலங்கும் வீட்டுக்காரர் தலையில் விழ வேண்டியதில்லை. சன்னல் வழியாகக் கை நீட்டி வாழைப்பழத்தைத் தூக்கிப் போகும் குரங்குக்கு அவர் என்ன செய்வார்? பிடிக்கவோ அடிக்கவோ அவருக்கும் உரிமையில்லை, குடியிருப்பவருக்கும் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பாம்பும் அப்படியே, வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். முன்பு அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பட்டியலில் எலி, சுண்டெலி, காக்கை, பழந்தின்னி வௌவால் ஆகியவை தொல்லை உயிரினங்கள் என்று தனியாக இருந்தன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. வீட்டு எலியை ஒழிப்பது இப்போதும் குற்றமில்லை. குரங்கு, பாம்பு போன்றவற்றில் வீட்டுக்காரரிடம் கேட்கக்கூடியது சன்னலுக்குக் கம்பிவலையும், சுவரோரப் பொந்துகளை அடைப்பதும், முற்றத்துப் புதரை வெட்டுவதும் மட்டுமே. அதற்கு மேல் கேட்பது வழக்கை வலுவிழக்கச் செய்யும்.

பலர் மறந்துவிட்ட ஒரு சட்டம் மலையிலும் செல்லும். அது 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். உடல்நலத்துக்குக் கேடு தரும் நிலையில் உள்ள வீடும் அதன் பார்வையில் ஒரு பொதுத் தொல்லை. பாதிக்கப்பட்டவர் சுகாதார அலுவலரிடம் முறையிடலாம், தொல்லையை நீக்கச் சொல்லி அவர் உத்தரவிட முடியும். கிராமம், நகரம் என்ற பாகுபாடு இதில் இல்லை. இந்தச் சட்டம் செத்துப் போன ஏடு அல்ல என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது இதன் கீழ்தான். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும் என்று கிராமத்தில் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எலிக்காய்ச்சலும், எலியின் மேல் வாழும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸும் வீட்டுப் பிரச்சினையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை ஆக்கிவிடுகின்றன. இந்த வழியில் குடியிருப்பவர் வாதி அல்ல, தகவல் தந்தவர் மட்டுமே. நீதிமன்றக் கட்டணமும் வழக்கறிஞரும் வேண்டாம். ஆனால் நடவடிக்கை எடுப்பதும் எடுக்காததும் அலுவலர் கையில். மனுவைப் பெற்றுக்கொண்டு ஒப்புகை கொடுப்பதோடு நின்றுவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு சீட்டு. உரிமை என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு கூடுதல் அழுத்தம் என்று சொல்லலாம். அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு.

நீங்களே செய்துகொள்ளுங்கள், வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்பது கேட்க இனிமையான தீர்வு. அதன் மறுபக்கத்தைச் சென்னையை அடுத்த குன்றத்தூர் 2024 நவம்பரில் காட்டியது. எலித் தொல்லைக்காகத் தனியார் பூச்சி ஒழிப்பு நிறுவனம் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போன மருந்தின் நச்சில், குளிரூட்டிய அறையில் உறங்கிய குடும்பத்தின் இரண்டு சிறு குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். காற்றுப்புகாத அறையில் வைக்கக் கூடாத மருந்தை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். மலையில் குளிருக்குச் சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். பயிற்சி பெற்ற ஆட்கள் மேலே ஏறி வருவது கடினம். கடையில் கிடைக்கும் விஷத்தை வாங்கிப் பரணில் போடுவதே எளிது. ஆகவே கழித்துக்கொள்ளும் உரிமை ஓட்டை அடைப்பதற்கும் வலை அடிப்பதற்கும் பொறி வைப்பதற்கும் என்று கொள்ளலாம். விஷம் வைக்கும் பொறுப்பைக் குடியிருப்பவர் தலையில் தள்ள அதைப் பயன்படுத்தினால் அது உரிமை இல்லை, ஆபத்து.

வாடகையைக் கட்டாமல் நிறுத்திவைப்பது இன்னும் மோசமான யோசனை. வாடகை கொடுப்பது 108ஆவது பிரிவின்படி குடியிருப்பவரின் தனிக் கடமை. எலி போகும்வரை பணம் கிடையாது என்று சொன்ன நாளிலிருந்து, குறை சொன்னவர் பாக்கிதாரர் ஆகிவிடுகிறார்.

ஒரு முரணையும் சொல்ல வேண்டும். ஆகாய கங்கை அருவியைப் பார்க்க வந்து ரிசார்ட்டில் ஓர் இரவு தங்கும் பயணியின் படுக்கையில் எலி ஓடினால், அது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர் மாவட்ட ஆணையத்துக்குப் போய் இழப்பீடு கேட்கலாம். அதே ஊரில் மூன்று வருடம் மாதம் தவறாமல் வாடகை கொடுத்த செவிலியருக்கு அந்த வழி எளிதில் திறக்காது. வெறும் வாடகை உறவைச் சேவை என்று ஏற்க நுகர்வோர் ஆணையங்கள் தயங்குகின்றன. ஓரிரவு விருந்தாளிக்குக் கிடைக்கும் மரியாதை ஊருக்கு ஊசி போடுகிறவருக்கு இல்லை.

எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தால் மலையில் குடியிருப்பவருக்கு உண்மையாகச் செல்லும் உரிமை ஒன்றுதான். அது வெளியேறும் உரிமை. எழுத்தில் ஒப்பந்தமில்லாத மாத வாடகையை 106ஆவது பிரிவின்படி 15 நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம். அதற்குக் காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை. ஆனால் அதே 15 நாள் அறிவிப்பு வீட்டுக்காரர் கையிலும் இருக்கிறது. அவரும் காரணம் சொல்லத் தேவையில்லை. எலிக்காக ஒரு நோட்டீஸ் அனுப்பினால், காலி செய்யச் சொல்லிப் பதில் நோட்டீஸ் வரலாம். வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் குறைவாக உள்ள செம்மேட்டில், வெளியேறுவது என்றால் பலருக்கு அடிவாரத்தில் குடியேறி, தினமும் 70 வளைவு ஏறி இறங்குவது. அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது இன்னொரு போராட்டம். இந்த ஒற்றை உரிமையைக் காட்டிச் சட்டம் பாதுகாக்கிறது என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. (ஏ) உட்பிரிவின் மறைப்புக் குற்றச்சாட்டும், பொதுச் சுகாதாரச் சட்டத்தின் அழுத்தமும் பக்கத் துணைகள். அவற்றால் ஓர் ஓட்டையை அடைக்க வைக்க முடிந்தால் நல்லது, நம்பிக்கொண்டிருக்க முடியாது.

சட்டம் மாறும்வரை செய்யக்கூடியது, குடியேறும் நாளில் ஒரு பக்கத் தாளில் இருவரும் கையெழுத்திடுவது. கூரை, சுவர், கதவு நிலை, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றின் அன்றைய நிலையையும், அவற்றைப் பழுதுபார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்பதையும் எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டால், (எஃப்) உட்பிரிவு கேட்கும் கடமையும் (ஏ) உட்பிரிவு கேட்கும் சான்றும் ஒரே தாளில் கிடைக்கும். முன்பு எலியோ வௌவாலோ இருந்ததா என்று ஒரு கேள்வியை அதில் சேர்த்து, பதிலை வீட்டுக்காரர் கையாலேயே எழுதி வாங்குவது இன்னும் நல்லது. சார் நம்மை நம்பவில்லையா என்று வருத்தம் வரும். சாவி வாங்கும் நாளின் வருத்தம் சிறியது.

அரசு செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, 2017 சட்டத்தைக் கிராம ஊராட்சிகளுக்கும் விரிப்பது. மத்திய அரசு 2021இல் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமே நகரம், கிராமம் இரண்டையும் சேர்த்துத்தான் பேசுகிறது. தமிழ்நாடு மட்டும் அடிவாரத்தில் நிற்கக் காரணமில்லை. பதிவு, எழுத்து ஒப்பந்தம் என்று பயமுறுத்தினால் மலையில் வீடே வாடகைக்குக் கிடைக்காமல் போகும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே பதிவைக் கட்டாயமாக்காமல், பழுது பற்றிய விதிகளை மட்டும் முதலில் விரிக்கலாம். இரண்டாவது, பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது. எலி, பூச்சி, வௌவால் நுழையும் கட்டட வழிகளை அடைப்பதும், குடிவருமுன் இருந்த தொல்லையை நீக்குவதும் வீட்டுக்காரர் பங்கு. உணவையும் குப்பையையும் ஒழுங்காக வைப்பது குடியிருப்பவர் பங்கு. மூன்றாவதுதான் மிக முக்கியம், அதைத்தான் யாரும் பேசுவதில்லை. பழுது கேட்டு எழுத்தில் முறையிட்டவருக்கு அதன்பின் குறிப்பிட்ட காலத்துக்குள் வரும் காலிசெய் நோட்டீஸ் பழிவாங்கல் என்றே கருதப்பட வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது வீட்டுக்காரர் வேலையாக இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலம் இந்தக் காலத்தை ஓராண்டு என்று வைத்திருக்கிறது. இங்கே ஆறு மாதம் வைத்தாலும் போதும், ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி ஓடிவிடும். இந்த மூன்றாவதை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் கொண்டுவந்தால், சோளக்காட்டில் ஓர் ஆசிரியை பதிவுத் தபாலில் பழுதுக் கோரிக்கை அனுப்புவார், பதில் தபாலில் காலிசெய் நோட்டீஸ் வரும், பதினாறாம் நாள் வேறு வீடு தேடிக்கொண்டிருப்பார்.